சாயம் போகாத தலைப்பாகை

அறுபது வயது வேலங்குளம் ஜமீன்தார் மறுகல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். தலைப்பாகைக்கு, வேலைக்காரி ஆவுடை தன் வீட்டிலேயே முடிச்சுப் போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றிய துணி. வழியில் மழை வந்தால் முகமெல்லாம் சிவந்துவிடுமே என்று அவருக்குச் சந்தேகம்.

“சவக்காரம் போட்டு இதைக் கொதிக்க வை. சாயம் போச்சுன்னா நீ ஊரை விட்டே போகணும்!”

“முதல் தடவை உப்புப் போட்ட பச்சைத்தண்ணியில அலசினா சாயம் நிக்கும் எசமான். சவக்காரத்துல கொதிக்க வச்சா எதுவும் நிக்காது.”

“நல்ல சாயம்னா எதுக்கும் போகாது!”

“அப்படீங்களா? அந்தச் சவக்காரத்தை முதல்ல எசமான் மீசையில போட்டுக் கழுவிக் காட்டுங்க. அது கறுப்பாவே இருந்தா, என் துணியும் சிவப்பாவே இருக்கும்.”

பெண் பார்க்க உடன் வரக் கூடியிருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஜமீன்தாரின் கை மீசைக்குப் போனது.

“சரி, உப்புத்தண்ணியிலயே அலசு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: “எனக்கும் ஒரு செம்பு எடுத்து வை.”