காட்டுமாட்டின் வெள்ளைக் காலுறை

அந்தக் காலத்தில், மாடும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, மலையிலிருக்கும் காட்டுமாடுகள் கொம்படியிலிருந்து குளம்புவரை ஒரே கறுப்பாக இருந்தன. அவற்றில் காரி என்றொரு தாய்மாடு. அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. முந்தைய பனிக்காலத்தில் சோலைக்காட்டு இருளில் தாயின் கறுத்த கால்கள் தெரியாமல் அவள் கன்று பின்தங்கிவிட்டது. செந்நாய்கள் அதைக் கொண்டுபோய்விட்டன. இப்போது மறுபடியும் ஒரு கன்று. காரி ஒரு வாய் புல் கடிப்பாள், திரும்பிப் பார்ப்பாள். படுப்பாள், உடனே எழுந்துவிடுவாள். “பின்னாலதானே வர்றே?” என்று கேட்டுக் கேட்டே அவள் தொண்டை கம்மிப்போனது.

மார்கழியில் உறைபனி விழுந்து மேட்டுப் புல்லெல்லாம் கருகிற்று. மேய்ச்சலுக்குச் சோலையைத் தாண்டித்தான் போகவேண்டும். மந்தை போய்விட்டது. காரி மட்டும் காட்டுக்குள் நுழைவதும் பின்வாங்குவதுமாக இருந்தாள்.

அந்த வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தாள் பவளாயி. அவள் புருஷன் சடையன் சோலைக்கு அப்பால் ஆட்டுப்பட்டியில் இருந்தான். பனியில் பாதம் வெடித்து, எழுந்து நடக்கமுடியாமல் கிடக்கிறான் என்று சேதி வந்திருந்தது. அவனுக்காகச் செம்மறி ரோமத்தில் முட்டிவரை நீளமாகப் பின்னிய வெள்ளைக் காலுறைகளை மடியில் கட்டியிருந்தாள். அதேபோல் ஒரு ஜோடி அவள் காலிலும் இருந்தது.

“ஏண்டி காரி, உள்ளயும் போகாம வெளியயும் நிக்காம இப்படித் தவிக்கிறே?”

“உள்ள போனா எம்புள்ளைக்கு என் காலு தெரியாதுக்கா.”

பவளாயி சோலையைப் பார்த்தாள். மூடுபனி இறங்கி மரங்களை மறைத்துக்கொண்டிருந்தது. எங்கோ செந்நாயின் சீழ்க்கை கேட்டது. கன்று தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டியது. பவளாயிக்கும் தனியாகப் போகப் பயம். நின்றால் அங்கே அவன் என்ன ஆவானோ என்ற பதைப்பு. மடியை அவிழ்த்தாள். மறுபடி முடிந்துகொண்டாள். சீழ்க்கை இன்னும் கிட்டத்தில் கேட்டது. சட்டென்று உட்கார்ந்து, மடியிலிருந்ததை எடுத்துவைத்து, தன் காலுறைகளையும் உருவினாள்.

“அந்தப் பக்கம் போனதும் கழட்டிக் குடுத்துரணும். எங்க வீட்டுக்காரரோட காலு இதுலதான் இருக்கு.”

“குடுத்துர்றேன். என் கழுத்தைப் பிடிச்சுக்கக்கா.”

காரியின் நான்கு காலிலும் இழுத்து மாட்டினாள். அந்த இருட்டில் கன்றுக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு வெள்ளைக் கால்கள்தான். அவை ஓடிய பக்கம் அதுவும் ஓடியது. இருபுறமும் புதருக்குள் சலசலப்பு கூடவே வந்தது. வெறுங்கால் முள்ளில் கிழிபட்டும் பவளாயி பிடியை விடவில்லை. வெளிச்சத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, கன்று பின்னாலேயே மூச்சிரைத்துக்கொண்டு நின்றது.

பட்டிக்கு வந்ததும் பவளாயி குனிந்து காலுறையை இழுத்தாள். வரவில்லை. பனியில் நனைந்து உறைந்த கம்பளி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. இன்னும் இழுத்தாள், ரத்தம் கசிந்தது.

“இழு அக்கா. தோலு போனாப் போகட்டும். குடுக்கிறேன்னு சொல்லிட்டேன்ல?” என்றாள் காரி. கன்று அலறியது. பவளாயியின் கை தானாக விலகியது.

“விடு. நீயே போட்டுக்க.”

உள்ளே சடையன் நீலம் பாய்ந்த பாதங்களோடு நடுங்கிக்கொண்டிருந்தான். காரி வாசலிலேயே சற்று நேரம் தவித்தாள். பிறகு பட்டிக்குள் நுழைந்து அவனருகே படுத்தாள். “காலை என் வயித்துக்கடியில வைங்கண்ணே,” என்றாள். பவளாயியும் தன் காலை வைத்தாள். ஒரு கணமும் படுத்துக் கிடக்காத அந்த மாடு, வெயில் ஏறி இருவர் காலுக்கும் உயிர் வரும்வரை காதைக்கூட அசைக்கவில்லை.

அன்று முதல்தான் காட்டுமாடுகளுக்கு முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை. மலைப்பாதையில் மனிதரைக் கண்டால் அவை நின்று வெறித்துப் பார்ப்பதும் அன்று முதல்தான்: திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று.