கண் வைத்த கட்டை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மருத மரத்தடியில் குட்டிகளுக்கு ஒரு பாலர் பள்ளி இருந்தது. அங்கே வாத்தியார் ஒரு மயில். எதுவும் அழகாக இருக்க வேண்டும் அவருக்கு. ஆற்றங்கரைக்குப் போனாலும் தண்ணீரில் தன் தோகையைத்தான் பார்ப்பார். தண்ணீரைப் பார்க்க மாட்டார்.

ஒருநாள் பூளை என்ற முயல்குட்டி கேட்டது: "நம் ஆற்றில் என்னென்ன மிதக்கிறது?"

யாருக்கும் தெரியவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று குட்டிகள் கிளம்பிவிட்டன. ஆறு நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தன. ஒரு பெரிய மரப்பட்டையின் மேல் ஆற்றையும் கரையையும் வரைந்து, பார்த்ததை எல்லாம் அந்தந்த இடத்தில் களிமண்ணால் செய்து வைத்தன. சருகு, வாத்து இறகு, தவளை முட்டை, ஒரு கட்டை. அந்தக் கட்டையை மட்டும் தினமும் பிய்த்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டின.

ஆறாம் நாள் மாலை வாத்தியார் வந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"நாளை அக்கரைப் புல்வெளியில் உங்கள் அப்பா அம்மா எல்லாரும் இதைப் பார்க்கப் போகிறார்கள். என்ன அலங்கோலம் இது? கட்டைக்குக் கண் ஏது?"

"இருக்கிறது ஐயா! அது எங்களைப் பார்த்தது" என்றது பூளை.

"நல்ல கதை! சரி, மூங்கில் புதரடியில் ஒட்டிய தடம் இருக்கிறதே, அங்கிருந்து கட்டையை ஏன் மேலே நகர்த்தினீர்கள்? தண்ணீர் போகிற பக்கம்தானே கட்டை போகும்?"

"இது எதிர்ப்பக்கம் போகிறது ஐயா. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நாம் ஆற்றைக் கடக்கும் துறைக்கு..."

"போதும், வாயை மூடு."

வாத்தியார் அலகால் தேய்த்து இரண்டு கண்ணையும் அழித்தார். கட்டையைப் பழைய இடத்தில் ஒட்டி, மேலே ஒரு தாமரைப் பூவையும் செய்து வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூளைக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை மரப்பட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் துறைக்குப் போனார்கள். மேலே மழை பெய்து ஆறு ஏறியிருந்தது. கால் வைத்துக் கடக்கும் கற்கள் எல்லாம் மூழ்கிவிட்டன. அவை இருந்த இடத்தில், கரையில் முனை தொட, ஆற்றின் குறுக்கே நீளமாக ஒரு கட்டை கிடந்தது.

"ஆகா, பாலமே வந்துவிட்டது! வரிசையாக ஏறுங்கள். நான் பின்னால் வருகிறேன்" என்றார் வாத்தியார்.

"ஐயா, வேண்டாம். அதே கட்டை!"

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா?" வாத்தியார் பூளையின் பக்கம் திரும்பிக் கத்தினார். அவருடைய தோகை பின்னால் தண்ணீரில் விழுந்து கிடந்தது. "மான்கன்றைப் பார், எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிறது! நீ ஏறு கண்ணு."

மான்கன்று பாவம், வாத்தியார் சொல்லைத் தட்டியதே இல்லை. அக்கரையில் தாய்மான் வேறு காத்து நின்றது. கன்று முன்காலைத் தூக்கியது. கட்டைக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு விரல்கடை தூரம்தான்.

பூளை யோசிக்கவில்லை. மரப்பட்டையிலிருந்து களிமண் கட்டையைப் பிடுங்கி, தாமரையோடு சேர்த்து ஓங்கி எறிந்தது. பொத்தென்று விழுந்தது, ஆற்றில் கிடந்த கட்டையின் முனையில்.

இரண்டு கண்கள் திறந்தன.

"முதலை! ஓடு!"

கன்று பின்னால் துள்ளியது. முதலையின் வாய் படாரென்று மூடியது. வாத்தியார் அலறிக்கொண்டு கரையோர மரம் ஒன்றின் உச்சிக்குப் பறந்தார். தோகையில் பாதி முதலையின் பல்லிடுக்கில் தொங்கியது.

முதலை தண்ணீருக்குள் போய்விட்டது. கன்று பூளையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அக்கரையிலிருந்து தாய்மான் கத்திக் கேட்டது: "வாத்தியாரே! அது முதலை என்று யாருக்குமே தெரியாதா?"

மயில் வாத்தியார் மெல்லக் கீழே இறங்கி வந்தார். தலை நிமிரவில்லை.

"பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, அம்மா. சொன்னார்கள். செய்தும் காட்டினார்கள். நான்தான் அழித்துவிட்டேன்."

நீதி: பிள்ளை செய்ததைத் திருத்துவதற்கு முன், பிள்ளை என்ன பார்த்தது என்று கேள்.