வைத்தியர் சுவடியின் முதல் ஏடு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், பெரியம்மை பரவியது. பயந்துபோன அரசர், அரண்மனையில் வேலை செய்யும் எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். நல்ல ஆணைதான். அதற்கு வால் முளைக்க வைத்தவர் மந்திரி திருவேங்கடர்.

"அரசே, வைத்தியர் சிலருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார். அவரவர் நோயைச் சபையில் படிக்கச் செய்தால் ஏமாற்றுகிறவர் அகப்படுவார். விகடகவி அம்பலவாணனே படிக்கட்டும். அவன் இரக்கக்காரன், எதையாவது மறைப்பான். ஆகவே வைத்தியர் அரண்மனையார் நோயையெல்லாம் எழுதிவைக்கும் சுவடியை முதல் ஏடு தொடங்கி ஒன்று விடாமல் படிக்கச் சொல்லுங்கள்."

ஊரார் வாயில் அம்பலவாணன் விழட்டும் என்பது மந்திரியின் ஆசை. அரசரும், "ஓர் ஏடு விட்டாலும் உன் வேலை போகும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே அடுக்களையில் காய் நறுக்கும் பூவாயி அவனைத் தேடி வந்தாள்.

"சாமி, ரெண்டு வாட்டி தங்கல. இது மூணாவது. அதான் வைத்தியரு குத்த வேணாம்னுட்டாரு. மூணு மாசம் நெறையாம வெளிய சொல்லக்கூடாதுங்க. எம் மாமியாளுக்கே தெரியாது. சபையில படிச்சிட்டீங்கன்னா பயத்துலயே இதுவும் போயிடும் சாமி."

"போ தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றான். எப்படிப் பார்ப்பது என்று அவனுக்கே தெரியவில்லை. வைத்தியர் கொடுத்த சுவடியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் கயிற்றை அவிழ்த்து முதல் ஏட்டில் இருந்த பெயரை மட்டும் பார்த்தான். போன மூச்சு திரும்பி வந்தது.

காலையில் சபை நிறைந்திருந்தது. தூணோரம் நின்ற பூவாயி வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டாள். அம்பலவாணன் உரக்கத் தொடங்கினான்.

"முதல் ஏடு. மன்னர் பெருமான். சென்ற ஆனி மாதம், அரியணையில் அமர இயலாமல்..."

"நிறுத்து!" என்று அலறினார் இரண்டு தலையணைமேல் அமர்ந்திருந்த அரசர். "என் பெயர் எப்படி வந்தது?"

"அரசே, நம் நாட்டில் வெற்றிலைக் கணக்குச் சுவடிகூடத் தங்கள் பெயரில்தானே தொடங்கும்? அடுத்தது மந்திரியார். ஒன்று விடாமல் படிக்க ஆணை. விட்டால் வேலை போகும். இரண்டாம் ஏடு, மந்திரி திருவேங்கடர்..."

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" மந்திரி ஓடிவந்து சுவடியைப் பிடித்துக்கொண்டார்.

அம்பலவாணன் சுவடியை விடாமல் அரசர் முகத்தையே பார்த்தான். தலை போகிற வேலை அல்லவா செய்திருக்கிறான்!

அரசர் மந்திரியைப் பார்த்தார். தம் தலையணைகளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, ஏமாற்றுகிறவனை எப்படி அறிவது?"

"விலக்கு உண்டு, இல்லை என்று வைத்தியர் முத்திரை வைத்தால் போதும், அரசே. காரணம் அவரோடு இருக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும். சுவடியைக் கட்டு!" என்று சொல்லி, அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

சில மாதம் கழித்து ஒருநாள், பூவாயி கை நிறைய வளையலோடு அடுக்களைக்கு வந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளே எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.