கரைக்கு ஜன்னல் வைத்த உரலன்

மூங்கிலும் வேங்கையும் அடர்ந்த ஒரு காட்டில், பாறைச் சரிவின் தலைமாட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டைக்கு மூன்று பக்கமும் மேடு. நாலாவது பக்கம் வெறும் மண்கரை. அந்தக் கரை தாங்கிப் பிடித்ததால்தான் கோடையிலும் அங்கே தண்ணீர் நின்றது. கரை போனால் குட்டையும் போச்சு.

குட்டையோரத்து வேலமரத்தில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தாள். கறுப்பு உடம்பு, கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்த வால், அதைவிடக் கூர்மையான வாய். எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். ஆமை நடந்து போனால், "கொஞ்சம் மெல்லப் போங்க மாமா, புழுதி கண்ணை மறைக்குது" என்பாள். வெடுக்கு வெடுக்கென்று பேசிப் பேசி, வெடுக்கி என்பதே அவள் பெயராகிவிட்டது.

மழையைக்கூட அவள் விட்டுவைத்தது கிடையாது. மேகம் ஏய்த்துவிட்டுப் போனால் உச்சிக் கொம்பில் ஏறிக்கொள்வாள். "உனக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை, வர்ற வழியும் தெரியாது. உன்னைப் போய்ச் சாமின்னு கும்பிடுறோமே, எங்களைச் சொல்லணும்" என்று திட்டுவாள். மற்றவர்கள் நடுங்குவார்கள். மழை ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

வெடுக்கிக்கு ஒரு சிநேகிதி உண்டு, நாமக்கோழி. நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட தண்ணீர்ப் பறவை. அந்த வருடம் குட்டை நடுவில் கோரைப்புல்லைப் பின்னி மிதக்கிற கூடு கட்டி, ஐந்து முட்டை இட்டு அடைகாத்தாள். சுற்றிலும் தண்ணீர் இருந்ததால் கீரிக்கு எட்டவில்லை. கீரியும் விடவில்லை. தினமும் காலையில் வரும். தண்ணீரில் ஒரு காலை வைத்து ஆழம் பார்க்கும். நனைந்த காலை உதறிவிட்டுத் திரும்பும்.

இப்படி இருக்கையில், உரலன் என்கிற காட்டுப்பன்றி அந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். உரலைப் படுக்கப் போட்ட மாதிரி உடம்பு. மனசில் கள்ளம் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். 'செய்யாதே' என்று சொன்னால் மட்டும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கரையில் கோரைக்கிழங்கு விளைந்திருந்ததை அவன் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அவ்வளவுதான். முட்டி முட்டித் தோண்ட ஆரம்பித்தான்.

மிளா மான் பக்கத்தில் போய், கரையில் கை வைக்காதே அப்பா என்று நல்லபடியாகத்தான் சொன்னது. உரலன் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலில், மிளா இரண்டு ஓடை தாண்டிப் போய்த்தான் நின்றது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாமக்கோழி வெடுக்கியிடம் வந்தாள். "அக்கா, கரை உடைஞ்சா கீரி நடந்தே வந்துடும். இன்னும் எட்டு நாள் தண்ணி நின்னாப் போதும், குஞ்சு வெளியே வந்து நீந்திடும். நீதான் அவர்கிட்டே பேசணும்."

"நீ போய் முட்டையைப் பாரு. நான் பேசற பேச்சுல அவர் வெட்கப்பட்டு ஓடிடுவார்" என்றாள் வெடுக்கி.

வெடுக்கி பேசப் போகிறாள் என்றதும் காடே கூடிவிட்டது. முயல் முன்வரிசையில் உட்கார்ந்தது. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு இடம் பிடித்தது. வெடுக்கி தாழ்ந்த கொம்புக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உரலண்ணே, இத்தனை நாளா இந்தக் கரை காத்தோட்டமே இல்லாம மூச்சு முட்டிக் கிடந்துச்சு. நீங்க வந்துதான் அதுக்கு ஜன்னல் வைக்கிறீங்க. உங்களை மாதிரி ஒரு கொத்தனார் ஏழு மலையிலும் கிடையாது."

முயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. மயில் அகவியே விட்டது. உரலன் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். எல்லார் முகத்திலும் சிரிப்பு. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா சொல்றே? இதுவரைக்கும் யாரும் என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லை, தங்கச்சி" என்றான். சொல்லிவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலுக்கு மண்ணைப் பறித்தான்.

வெடுக்கிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூட்டம் சிரிக்கிற சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. ஜன்னல் வைத்தவர் வாசலும் வைக்கக் கூடாதா, திண்டிவனம் வரைக்கும் காற்று போகுமே என்று அடுத்ததை எடுத்துவிட்டாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. உரலனின் வேகம் மூன்று மடங்காயிற்று. மறுநாளும் கூட்டம் வந்தது, மறுநாளும் பேசினாள். கரையில் ஆறு குழி விழுந்துவிட்டது.

சிரிக்காதது நாமக்கோழி ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்: "நீ பேசினது முயலுக்குப் புரிஞ்சுது, மயிலுக்குப் புரிஞ்சுது, எனக்கும் புரிஞ்சுது. அவருக்கு மட்டும்தான் புரியலை. புரிய வேண்டியது அவருக்குத்தானே அக்கா?"

வெடுக்கி உச்சிக் கொம்புக்குப் பறந்துவிட்டாள்.

காலையில் கரையின் மறுபக்கம் ஈரம் கசிந்திருந்தது. கீரி வந்து காலை வைத்துப் பார்த்தது. முந்தின நாள் முழங்கால் வரை நனைந்த கால், இன்று பாதத்தோடு நின்றது. கீரி உதறாமல் அப்படியே நின்று கூட்டைப் பார்த்தது.

வெடுக்கி பறந்தோடிப் போனாள். "அண்ணே, விளையாட்டுப் போதும். கரை உடையப் போகுது, தோண்டாதீங்க."

உரலனின் பிடரி மயிர் சிலிர்த்தது. "நேத்து ஜன்னல் அழகா இருக்குன்னு சொன்ன வாய்தானே இது? நாலு பேர் என்னைப் பார்க்க வந்ததும் உனக்குப் பொறுக்கலை" என்று வேலமரத்தை ஒரு முட்டு முட்டினான். இலையெல்லாம் உதிர்ந்தது.

வெடுக்கி தூரத்துப் பாறையில் போய் உட்கார்ந்தாள். அவன் சொன்னதில் தப்பே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னது அவள்தான். நம்பினது மட்டும்தான் அவன். பிறகு இன்னொன்றும் தோன்றியது. இவனுக்கு எல்லாரும் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். இவனை ஒருவராவது ஏதாவது கேட்டதுண்டா?

திரும்பி வந்தாள். கொம்பில் உட்காரவில்லை. தரையில் இறங்கி, அவன் மூக்குக்கு எதிரே சேற்றில் நின்றாள்.

"அண்ணே, நான் மரத்துலேயே வளர்ந்தவ. மண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி வாயடிச்சுட்டேன். ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

உரலன் உறுமலை நிறுத்தினான். "கேளேன்."

"இந்தக் கிழங்கு ஏன் இங்கே மட்டும் விளையுது? அந்த மேட்டுல விளையலையே?"

"இதுகூடத் தெரியாதா? கிழங்குக்கு ஈரம் வேணும்."

"ஈரம் எங்கேயிருந்து வருது?"

"குட்டையிலேருந்துதான். தண்ணி கரையில ஊறும், கிழங்கு பருக்கும்." பன்றிக்குச் சொல்லிக்கொடுக்கிற உற்சாகம் வந்துவிட்டது. வேர் எத்தனை சாண் இறங்கும், எந்த மாதத்துக் கிழங்கு இனிக்கும் என்பதையெல்லாம் விளக்கினான். வெடுக்கி பொறுமையாகக் கேட்டாள். பாதி அவளுக்கு நிஜமாகவே புதுசு.

"உங்க ஜன்னல் அந்தப் பக்கம் வரைக்கும் திறந்துட்டா, தண்ணி என்ன பண்ணும் அண்ணே?"

"அது வெளியே ஓடி, பாறையில விழுந்து, கீழே போயி..."

"அப்புறம் ஈரம்?"

உரலன் வாயைத் திறந்தான். வாயோரத்தில் தொங்கிய கிழங்கு கீழே விழுந்தது. தான் தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கசிகிற இடத்தைப் பார்த்ததும் அவன் காது இரண்டும் நட்டுக்கொண்டன.

"தங்கச்சி, தள்ளி நில்லு" என்றான்.

அந்தக் காட்டில் மண் மிதிக்க அவனைவிடத் தோதான உடம்பு யாருக்கு உண்டு? சேற்றை மூக்கால் தள்ளித் தள்ளிக் குழிகளில் அடைத்தான். மேலே ஏறி மிதித்தான். உருண்டு உருண்டு அழுத்தினான். உச்சி வெயிலுக்குள் கசிவு நின்றுவிட்டது. பழைய கரையைவிட இது ஒரு சாண் உயரம்.

பிறகு எல்லாரையும் கூப்பிட்டு வைத்து அறிவித்தான்: "உங்களுக்கு யாருக்கும் இது தெரியாது. கரையைத் தோண்டினா தண்ணி போயிடும். நானே கண்டுபிடிச்சேன். இனிமே யாரும் இங்கே கை வைக்கக் கூடாது."

மிளா வாயைத் திறந்தது. வெடுக்கி ஒரு பார்வை பார்த்தாள். மிளா வாயை மூடிக்கொண்டது. வெடுக்கியின் நாக்கிலும் மூன்று நல்ல பேச்சு துடித்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றையும் விழுங்கிவிட்டு, "நல்ல வேளை சொன்னீங்க அண்ணே" என்றாள். கூட்டில் இருந்த நாமக்கோழி அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

எட்டாம் நாள் ஐந்து குஞ்சும் பொரிந்து தண்ணீரில் குதித்தன. கீரி நனைந்த காலை உதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

அன்று மாலையே மழையும் வந்தது. வெடுக்கி உச்சிக் கொம்பில் நனைந்தபடி, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இன்னும் நாலு நாள் தூங்கிட்டு வந்திருக்கலாமே" என்று திட்டினாள்.

கீழே உரலன் கவலையோடு அண்ணாந்து பார்த்தான். "இப்படித் திட்டறியே, மழை கோவிச்சுக்காதா?"

"கோவிச்சுக்காது அண்ணே. அதுக்கு என் மனசு தெரியும்."

உரலன் கரையைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கும் கொஞ்சம் தெரிஞ்சுபோச்சு. அந்த ஜன்னல் அழகா இல்லைதானே?" என்றான்.

வெடுக்கி கொம்பிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நீதி: குத்தலாகப் பேசினால் கூட்டம் சிரிக்கும், தெரியாதவர் போலக் கேட்டால் தவறியவர் தானே திருந்துவார்.