இறுகப் பிடித்த வீணைப் பெட்டி

உட்காருங்கள், உட்காருங்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். ஒரே கதையை இரண்டு தரம் கத்த என் தொண்டை என்ன தாரை தப்பட்டையா?

ராஜாக்கள் ஊருக்கு ஒருவராக இருந்த காலம் அது. மணலூர் என்று ஒரு நாடு. அந்த நாட்டில் சொக்கணாசாரி என்று ஒருவர். வீணைக்கு, யாழுக்கு, தம்புராவுக்கு என்று அளவெடுத்துப் பெட்டி செய்வதுதான் அவர் தொழில். கைவேலையில் கெட்டிக்காரர். வாய்வேலையில் அதைவிடக் கெட்டிக்காரர்.

பெட்டி செய்து முடித்ததும் கருவியை உள்ளே பதித்து வைப்பார். மடியிலிருந்து ஒரு கடுகை எடுப்பார். "எங்கே, இந்தக் கடுகை இடுக்கில் போடுங்கள் பார்க்கலாம்!" என்பார். யாழ்க்காரர் போட்டுப் பார்த்தார், நுழையவில்லை. தம்புராக்காரர் போட்டுப் பார்த்தார், நுழையவில்லை. கோயில் வீணைக்காரர் குனிந்து, நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துப் போட்டுப் பார்த்தார், ஊகூம்! ஆசாரிக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவி காத்தாயி மட்டும் சொல்வாள்: "என்னங்க, உள்ளே தோல் ஒட்டுறீங்க. நனைஞ்ச தோல் காய்ஞ்சா இறுகும்னு மத்தளம் கட்டுறவங்க சொல்லி நீங்க கேட்டதில்லையா? ஒரு விரல் இடம் விட்டாத்தான் என்ன?"

"அடியே, ஒரு விரல் இடம் விட்டால் அது பெட்டியா, சத்திரமா?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

அந்த நாட்டு ராஜா இருக்கிறாரே, மணிமாற பூபதி, அவர் ஒரு தினுசு. மாம்பழம் வந்தால் கூடையைத் தடவிப் பார்ப்பார். பல்லக்கு வந்தால் உள்ளே இருப்பவரை விட்டுவிட்டு, "திரை யார் தைத்தது?" என்பார். பாட்டுக் கச்சேரியில் பாடுகிறவரின் சால்வையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட ராஜாவிடமிருந்து பெரியநாயகி அம்மாளுக்கு அழைப்பு வந்தது. பெரியநாயகி வீணை வாசிப்பவர். சின்ன வயசிலிருந்து ஒரே வீணை. அந்தத் தந்தியும் அந்த விரலும் ஒன்றுக்கொன்று பழகிப்போனவை. நவராத்திரிக்கு வந்து வாசிக்க வேண்டும், கூடவே சொக்கணாசாரி கையால் ஒரு பெட்டியும் செய்து கொண்டுவர வேண்டும், பெட்டி மனசுக்குப் பிடித்தால் ஆசாரிக்குப் 'பெட்டகச் சிற்பி' என்று பட்டமும் பல்லக்கும் தருவேன் என்று ராஜா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆசாரி சோறு தண்ணீர் மறந்தார். ஒரே பலா மரத்தைக் குடைந்தார். வெளியே அன்னப்பட்சி செதுக்கினார். உள்ளே மான்தோல் ஒட்டினார். வீணையை வைத்துப் பார்த்தார். கடுகு? நுழையவே இல்லை!

கிளம்பினார்கள். வழியில் ஆசாரிக்கு ஓர் ஆசை. உள்ளே ஒட்டின மான்தோலை ஊர் பார்க்க வேண்டாமா? வீணையைப் பெரியநாயகி கையில் கொடுத்து வண்டிக் கூண்டுக்குள் உட்காரச் சொன்னார். வெறும் பெட்டியைத் திறந்தபடி வண்டியின் பின்பக்கம் கட்டினார். வீணையைக் காக்கச் செய்த பெட்டி வெளியே, வீணை அந்த அம்மாள் மடியில்! சிரிக்காதீர்கள், பெருமை வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான்.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெட்டி தொட்டியாகிவிட்டது.

அரண்மனைக்கு வந்ததும் ஆசாரி அவசர அவசரமாகத் துடைத்தார். பெரியநாயகி தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஈரமா இருக்கே, ஆசாரியாரே?"

"மேலாகக் கொஞ்சம் ஈரம் அம்மா. வீணையை உள்ளே பதித்தே மடைப்பள்ளி அடுப்போரம் வைத்தால் காய்ந்துபோகும். வீணையோடு சபைக்குள் போனால்தானே பெட்டிக்கு அழகு!"

ஈரத்தோல் இளகிக் கொடுத்தது. வீணை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுப்புச் சூட்டில் தோல் காய்ந்தது. காய்ந்த தோல் என்ன செய்யும்? காத்தாயி சொன்னதைத்தான் செய்தது.

சபையில் பெட்டியைத் திறந்தார்கள். "ஆகா!" என்றார் ராஜா. மந்திரி கடுகு போட்டுப் பார்த்தார், நுழையவில்லை. "ஆகாகா!" என்றார் ராஜா. ஆசாரிக்குப் பல்லக்கில் ஏறி உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

"சரி, வாசிக்கச் சொல்லுங்கள்," என்றார் ராஜா.

பெரியநாயகி வீணையைத் தூக்கினார். வீணையோடு பெட்டியும் சேர்ந்து எழுந்தது!

முதலில் அரண்மனை மல்லன் வந்தான். பெட்டியைக் காலால் மிதித்துக்கொண்டு வீணையை இழுத்தான். 'நறுக்'கென்று ஒரு சத்தம். "ஐயோ, விடப்பா!" என்று அலறினார் பெரியநாயகி.

அடுத்துச் சமையற்காரர் நெய்க்கிண்ணத்தோடு வந்தார். நெய் இறங்கவும் இடுக்கு வேண்டுமே? கடுகே நுழையாத இடம் ஆயிற்றே! நெய் மேலே வழிந்து ராஜாவின் கம்பளத்தில் சொட்டியது. தோலை அறுக்கலாம் என்றால் கத்தி முனை போகவும் வழியில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் தோல் தளரும், வீணையும் ஊறிப் பாழாகும்.

மூன்றாவதாக மந்திரி, "பெட்டியோடே வாசித்துவிடுங்களேன்," என்றார். பெரியநாயகி தந்தியை மீட்டினார். பானைக்குள் போட்டு மூடிய தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ராஜா கையை உயர்த்தினார். "இதற்கா இவ்வளவு கூச்சல்? வீணை வேறு கிடைக்கும், இப்படியொரு பெட்டி கிடைக்காது. வீணையைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துவிடு ஆசாரி. பெட்டி என் மண்டபத்துக்கு, பட்டமும் பல்லக்கும் உனக்கு!"

சபை தலையாட்டியது. ராஜா சொன்னால் ஆட்டத்தானே தலை?

ஆசாரி கையில் உளி. வாசலில் பல்லக்கு. பட்டம் காதுக்குள் இனித்தது. வீணையை அறுத்தால் எல்லாம் கிடைக்கும், பெட்டியை உடைத்தால் ஒன்றும் கிடைக்காது. ராஜாவின் கோபம் வேண்டுமானால் கிடைக்கும்.

பெரியநாயகி அழக்கூட இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் வீணைமேல் உள்ளங்கையை வைத்தார். "ஆசாரியாரே, இதைக் காப்பாத்துறதுக்குத்தானே உங்ககிட்ட பெட்டி கேட்டேன்?" என்றார்.

ஆசாரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பாவி, நான் காப்பாற்றவா செய்தேன், கடுகு நுழையக்கூடாது என்றல்லவா செய்தேன் என்று நெஞ்சு குமைந்தார்.

உளியை வெளிப்பக்கம் வைத்தார். ஓங்கி ஓர் அடி. அன்னத்தின் கழுத்து போயிற்று. இன்னோர் அடி. பக்கச்சுவர் பிளந்தது. மூன்றாவது அடியில் பெட்டி இரண்டாக விரிந்தது, வீணை கீறலில்லாமல் பெரியநாயகி மடியில் வந்து சாய்ந்தது.

"என் பெட்டி!" என்று குதித்தார் ராஜா.

"மகாராஜா, பெட்டியை நான் மறுபடி செய்வேன். இந்த வீணையை இந்த அம்மாளுக்கு யார் செய்து கொடுப்பார்?" என்று கும்பிட்டார் ஆசாரி.

பெரியநாயகி வாசிக்கத் தொடங்கினார். ராஜா முனகிக்கொண்டே சில்லுகளைப் பொறுக்கினார். பிறகு பொறுக்கும் கை நின்றது. பிறகு கண் மூடியது. பிறந்ததிலிருந்து அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது அன்றுதான்.

ஆனாலும் ராஜா ராஜாதானே? "பட்டம் பெட்டிக்குச் சொன்னது, பெட்டிதான் இல்லையே!" என்று கழன்றுகொண்டார். ஆசாரி சேற்றில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னதும் காத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "பெட்டியை உடைச்ச கை எது? காட்டுங்க," என்று கேட்டு, அந்தக் கையில்தான் முதல் உருண்டைச் சோற்றை வைத்தாள்.

ஆகையால் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்: பொருளானாலும் மனிதரானாலும், மூச்சுவிட இடம் கொடுத்துக் காப்பதே காப்பு, இறுகப் பிடிப்பது காப்பு ஆகாது.