தெபோராளின் துப்பாக்கி உறைக் கடை

ஆம்பூரில் தோல் உறை தைக்கிறவள் தெபோராள். வங்கிக் காவலர்களும் ரைஃபிள் கிளப்காரர்களும் துப்பாக்கி வைக்க அவளிடம்தான் உறை வாங்குவார்கள். அவளுடைய இணையக் கடைக்குச் சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த கம்பெனி, ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடிவிட்டது. ஏனென்று அவளுக்கு விளங்கவே இல்லை.

புதுக் கம்பெனி தேடிச் சென்னைக்கு வந்தாள். அங்கே மேனேஜர் தயாளன் நாற்காலியில் சாய்ந்தபடி, "உங்க கடைக்கு எந்த மாதிரி சர்வர் வேணும், கிளவுடா, ஷேர்டா, டெடிகேட்டடா? பத்து நிமிஷத்துல முடிவு பண்ணிக் கையெழுத்துப் போடுங்க. இதெல்லாம் புரியாதவங்களுக்கு ஆன்லைன் வியாபாரம் எதுக்கும்மா?" என்றார்.

மூன்றும் தெபோராள் காதில் ஒன்றுபோலவே விழுந்தன.

"துப்பாக்கி உறை விக்கலாமா சார்?"

"எங்ககிட்ட எதை வேணா விக்கலாம்!"

அவர் கொடுத்த விளம்பரத் தாளில் இருந்த உதவி எண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அதையே கேட்டாள்.

"துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது மேடம். கண்ணுல பட்டா அன்னைக்கே மூடிடுவோம்" என்றது ஒரு பெண் குரல்.

பழைய கடை ஏன் போனது என்று தெபோராளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தயாளன் இருமினார். "அந்தப் பொண்ணு புதுசு. நான் இருக்கேன், மூட மாட்டாங்க."

"அதை எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க சார். நான் புரியாதவ பாருங்க."

மேனேஜர் பேனாவைத் தொடவே இல்லை.

தெபோராள் அதே கேள்வியோடு இன்னும் மூன்று கம்பெனிப் படி ஏறினாள். மூன்றாவது இடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கடை திறந்த அன்றே, சேலத்திலிருந்து ஒரு வங்கிக் காவலர் இடக்கைக்கு ஏற்ற உறை கேட்டிருந்தார்.