விரைந்து வழங்கப்படும்

ஐப்பசி ஒன்பதாம் தேதி, காலை ஏழு மணி. பதினோரு மசோதாக்களோடு, வேலங்கரை நாட்டின் வணிக அமைச்சர் மாசிலாமணி எல்லையோரத்துப் பழைய சுங்கச்சாவடியின் முன் காரை விட்டு இறங்கினார்.

சாலை வேறு பக்கம் திரும்பிவிட்டதால் அந்தச் சாவடியை மூடிப் பல வருஷம் ஆகிறது. செங்கமலத்தம்மை அங்கே குடியேறிய பிறகு ஆட்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். சரக்கு இல்லாமல், கேள்விகளோடு.

அமைச்சரைவிட அம்மைக்குப் பத்து வயது குறைவு. இருந்தாலும் அவர் அம்மையிடம் பாடம் கேட்டவர். மேடையில் அதைச் சொல்லிக்கொள்ளவும் செய்வார்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"முதல்ல உட்காருங்க. அது எங்கயும் ஓடிப்போயிடாது."

பின்னாலேயே வந்த துறைச் செயலர் நடனசபாபதி, மசோதாக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு, வேட்டியில் தூசி படாமல் ஓரமாக உட்கார்ந்தார்.

"போன வருஷம் நாட்டோட பொருளாதாரத்துக்குன்னு ஒன்பது சட்டம் கொண்டுவந்தேன்" என்றார் அமைச்சர். "ஒண்ணுக்கும் எதிர்ப்பு இல்லை. எதிர்க்கட்சிக்காரங்களே மேஜையைத் தட்டினாங்க."

"சந்தோஷம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் நடக்கலை."

அவர் குரல் இறங்கியது.

"கழுமுனை எங்க ஊரு. மிளகு ஊரு. துறை கட்டினாத்தான் கப்பல் கரைக்கு வரும். சட்டம் போட்டாச்சு, கப்பல் வரலை. ரெண்டு மழைக்காலமா மூட்டையெல்லாம் கிடங்குல பூசணம் பிடிக்குது. நாளைக்குக் கூட்டத்தொடர் ஆரம்பம். இந்த வருஷமும் வெறும் காகிதம்தான்னா, நான் ஊருக்குள்ள காலை வைக்க முடியாது."

"துறைமுக மசோதா எது?"

செயலர் எடுத்துக் கொடுத்தார். "போன வருஷச் சட்டத்தையே திருத்திக் கொண்டுவந்திருக்கோம், அம்மா."

"என்ன திருத்தம்?"

"அதுல 'துறை கட்டப்படும்'னு இருந்தது. இப்ப 'விரைந்து கட்டப்படும்'னு மாத்தியிருக்கோம்."

செயலர் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அம்மை பக்கங்களைப் புரட்டினார். வணிகம் பெருக்கப்படும். ஏற்றுமதி ஊக்குவிக்கப்படும். கிடங்குகள் சீரமைக்கப்படும். தேவையான இடங்களில் ஆவன செய்யப்படும்.

"பக்கத்துக்குப் பக்கம் ஒரே 'படும்'. பாவம், என்ன பாடு படுது உங்க நாடு!"

அமைச்சர் சிரிக்கவில்லை. செயலர் சிரிக்க நினைத்து, அமைச்சரைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

"நான் தவிச்சுப்போய் வந்திருக்கேன். நீங்க விளையாடறீங்க."

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"நாலரைக்கு."

"வயித்துக்கு?"

"ஒண்ணும் இல்லை."

அம்மை மசோதாவை மூடிக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, சபாநாயகர் குரலில் சொன்னார்:

"சுக்குக் காபி வழங்கப்படும்."

இருவரும் கைகூப்பினார்கள்.

அம்மை உட்கார்ந்தே இருந்தார்.

வெளியே ஒரு மாட்டுவண்டி போயிற்று. வாசலில் விழுந்திருந்த வெயில் உள்ளே வந்து செயலரின் முழங்காலைத் தொட்டது. அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"அம்மை... காபி..."

"விரைந்து வழங்கப்படும்."

அமைச்சரின் வயிறு சத்தமாகவே ஒரு கேள்வி கேட்டது. அவர் கூரையைப் பார்த்தார்.

கடைசியில் பொறுக்காமல், "சரிம்மா, யாருதான் போடறாங்க?" என்றார்.

அம்மை செயலரின் பக்கம் திரும்பினார். "யாரு போடறாங்க?"

"அதை... மரபுப்படி அதைச் சொல்றதில்லை" என்றார் நடனசபாபதி.

அமைச்சர் செயலரைப் பார்த்தார். மசோதாவைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அடுப்பு எங்க இருக்கு? நான் போடறேன்."

"இந்தா, எழுவாய் வந்துட்டுது" என்றார் அம்மை.

காபி சுமாராகத்தான் இருந்தது. கருப்பட்டி அதிகம். மூவரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அமைச்சர் துறைமுக மசோதாவை எடுத்து 'விரைந்து கட்டப்படும்' என்பதை அடித்தார். மேலே எழுதினார்: 'வணிக அமைச்சர் கட்டி முடிப்பார்.'

"ஐயா!" செயலர் பதறினார். "இப்படி எழுதினா நாளைக்கு மாட்டிக்குவீங்க."

"அதுக்குத்தான்யா எழுதறேன்."

"எப்பக் கட்டுவீங்க?" என்றார் அம்மை.

"ஆனி மாசக் கடைசிக்குள்ள."

அதையும் எழுதினார்.

"கட்டலைன்னா?"

பேனா நின்றது. அமைச்சருக்கு உதவ வேண்டும் என்ற பழக்கத்தில் செயலர் முந்திக்கொண்டார்.

"இல்லையெனில் உரிய நடவடிக்கை எடுக்கப்..."

அங்கேயே வாயை மூடிக்கொண்டார்.

அமைச்சர் குனிந்து எழுதினார்: 'இல்லையெனில் பதவி விலகுவார்.'

எழுதி முடித்ததும் அவருக்கு நன்றாகப் பசித்தது. போகிற வழியில் நாலு இட்லி சாப்பிட்டார் என்று செயலர் பின்னாளில் சொன்னார்.

அந்தக் கூட்டத்தொடரில் பத்து மசோதாக்கள் மேஜைத் தட்டலோடு நிறைவேற்றப்பட்டன. துறைமுக மசோதாவை ஆளுங்கட்சியே எதிர்த்தது. கூச்சல், வெளிநடப்பு எல்லாம் முடிந்து, மூன்று வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. மறுநாளே மாசிலாமணி கழுமுனையில் துறைக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துக் குடியேறினார். மழையிலும் துறை வேலை நடந்தது.

ஆனி முடிந்தபோது ஐந்து தூண்கள் பாக்கி இருந்தன. ஆடி முதல் தேதி மாசிலாமணி பதவி விலகினார். வேலையை யாரும் நிறுத்தவில்லை.

மீதித் தூண்களும் எழுந்த பிறகு, கொடியசைக்கப் புது அமைச்சர் வந்திருந்தார். மிளகு வியாபாரிகள் மாசிலாமணியைக் கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

ஆடி இருபதாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, கழுமுனையிலிருந்து முதல் மிளகுக் கப்பல் புறப்பட்டது.